கடைக்கென்று ஒதுக்கியது

ஒன்றாம் தேதி காலை ஏழே முக்காலுக்குக் கணினித் திரையில் கணக்கு மென்பொருளின் சேமிப்புப் பட்டை முழுக்கப் பச்சையானது. மேலே 'கடை' என்று எழுதியிருந்தது. கீழே பத்து லட்சத்துக்குப் பத்து லட்சம், நூறு சதவீதம். ரசீது அதைக் கைபேசியில் படம் பிடித்தாள். ஐந்தரை வருடமாக ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் செய்வதுபோல அண்ணனுக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அழிக்கப் போனாள். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

ரசீது என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, அண்ணன் வைத்தது. பள்ளிக்கூட நாளிலேயே பேருந்துச் சீட்டைக்கூடக் கிழித்துப் போடாமல் தேதிவாரியாக அடுக்கி வைப்பாள். இப்போது முப்பத்தெட்டு வயது. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் பில் போடும் வேலை. கல்யாணம் நடந்து மூன்றே வருடத்தில் முடிந்தும் போனது, அதற்கும் நீதிமன்றம் கொடுத்த காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவளையும் அம்மாவையும் தவிர அந்த மூன்றாவது மாடி வீட்டில் வேறு யாரும் இல்லை.

அண்ணன் இருப்பது விமானத்தில் ஆறு மணி நேரம் போகவேண்டிய தூரத்தில். இறைச்சியும் மீனும் அடைத்து வைக்கிற பெரிய குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். மாதம் இருபத்தைந்தாயிரம் அனுப்புவான். பத்து வீட்டுக்கு, பதினைந்து கடைக்கு. கடை என்றால் அவன் வந்து போடப்போகிற ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஷட்டர் போட்ட ஒற்றை அறை ஒன்று வாடகைக்கு இருந்தது. நாற்பத்தாறு வயதில் அடுத்தவன் கம்பெனியில் குளிரில் நடுங்கியது போதும், சொந்த ஊரில் சொந்த நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கவேண்டும் என்பது அவன் ஆசை. அந்த ஆசையைத் தவிர அவன் வேறு எதையும் வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

அவள் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சேரும் முன்பே கைபேசி அடித்தது.

"ரசீது, குடுத்துட்டேன்!"

"என்னத்தைக் குடுத்தே?"

"ராஜினாமாவை! படத்தைப் பார்த்தேன், நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன், பேப்பரை வச்சேன். ஒரு நிமிஷம் யோசிக்கலை. யோசிச்சா பயந்துடுவேன்னு தெரியும். பதினஞ்சு நாள்ல அங்க இருப்பேன்."

"அண்ணா, ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"உன்னைத்தானே கேட்டேன் அஞ்சரை வருஷமா. ஷட்டர்காரர்கிட்டயும் பேசிட்டேன். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் ஆறு லட்சம். அம்மாகிட்ட நீ சொல்லாதே, நான் சொல்றேன்."

வைத்துவிட்டான். அவள் நடைபாதையில் நின்றபடியே இருந்தாள். போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். வங்கியில் அன்றைக்கு இருந்தது மூன்று லட்சத்துப் பதினாலாயிரம். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தக் கணக்கு மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் அவளைத் திருடி என்று நினைத்துவிடுவீர்கள். முழுவதும் கேட்ட பிறகும் அப்படி நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம், நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அதில் உங்கள் வங்கிக் கணக்கு ஒரு பக்கம் இருக்கும். இன்னொரு பக்கத்தில் கட்டங்கள் போட்டுக்கொள்ளலாம். இந்தக் கட்டம் கடைக்கு, அந்தக் கட்டம் பல் வைத்தியத்துக்கு என்று பெயர் வைத்துப் பணத்தை ஒதுக்கலாம். ஒதுக்கினால் வங்கியில் ஒரு காசும் நகராது. அங்கே எல்லாம் ஒரே குவியல்தான். ஒதுக்கிய தொகையைக் கழித்துவிட்டு, மிச்சம் இவ்வளவுதான் உனக்கு என்று மென்பொருள் காட்டும். கண்ணில் படாத காசைக் கை எடுக்காது என்பது அதன் கணக்கு.

ஆனால் கை எடுத்தது. இருபத்திரண்டு மாதத்துக்கு முன்னால் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படி ஏறினால் வாங்கியது, பிறகு படுக்கை விரித்தால் வாங்கியது, பிறகு பேசினாலே வாங்கியது. நுரையீரல் சுருங்கிக்கொண்டு போகிறது, திரும்பி விரியாது என்று டாக்டர் சொன்னார். முதல் தடவை ஆஸ்பத்திரியில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். இரண்டாம் தடவை இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் எழுபத்திரண்டாயிரம். மாத்திரைக்கும் சோதனைக்கும் மாதம் ஒன்பதாயிரத்து ஐநூறு. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ரசீது இருக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

முதல் தடவை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அட்டையை நீட்டும்போது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், நான் கடைக் காசைத் தொடவில்லை, வங்கியிலிருந்துதான் எடுக்கிறேன், கடைக் காசு கட்டத்துக்குள் பத்திரமாக இருக்கிறது என்று. சிரிக்காதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள், அப்படியேதான் இருந்தது. பச்சைப் பட்டையில் ஒரு நூல் குறையவில்லை. மேலே கையிருப்பு என்ற இடத்தில் மட்டும் ஒரு கழித்தல் குறியும் சிவப்பு எழுத்தும் வந்திருந்தன. சிவப்பை மெல்ல மெல்ல அடைத்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அந்தக் காசு அம்மாவின் பழத்துக்கும் கூடுதல் கரண்ட் பில்லுக்குமே சரியாகப் போனது. சிவப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. அவளும் மாதம் தவறாமல் பதினைந்தாயிரத்தைக் கட்டத்தில் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். அண்ணனுக்குச் செய்யும் நியாயம் என்று அதைத்தான் நினைத்தாள். பில் போடுகிறவள், கூட்டல் கழித்தலில் பிழை விடாதவள், இந்த ஒரு இடத்தில் மட்டும் குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அம்மா விடவில்லை. வீடியோவில் அவன் கூப்பிடும் நேரம் அம்மாவுக்கு அத்துபடி. ஐந்து நிமிடம் முன்னாலேயே தலையைச் சீவிக்கொண்டு, மூக்குக் குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். பத்து நிமிடம் தாங்கும். அதற்குமேல் "அடுப்புல வேலை இருக்குடா" என்று ரசீதின் கையில் கைபேசியைத் திணித்துவிடுவாள். அம்மா அடுப்பைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது.

"அவன் கடையைப் போடட்டும்டி முதல்ல. இப்ப சொன்னா இருக்கிறதை எல்லாம் எம்மேல கொட்டிட்டு அங்கேயே கிடப்பான். கடைக் காசுல மட்டும் கை வச்சுடாதே."

"வைக்கலைம்மா. நீயே பாரு."

பட்டையை அம்மாவுக்கும் காட்டுவாள். அம்மா திருப்தியாகத் தலையாட்டுவாள். இப்படி அந்தப் பச்சைப் பட்டை மூன்று பேரையும் ஏமாற்றியது. அதில் ஒருத்திக்குத் தான் ஏமாறுகிறோம் என்று தெரியும்.

பதினைந்து நாளில் அவள் பதினைந்து தடவை சொல்லப் போனாள். ஒருநாள் அவன் கிடங்கில் கூட்டாளிகளுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் கடைப் பலகையில் எந்த நிறத்தில் எழுதலாம் என்று கேட்டான். ஒருநாள் அவளே கூப்பிட்டு, "அண்ணா, ஒரு விஷயம்" என்றாள். "நீ என்ன சொல்லப்போறேன்னு தெரியும். கடைக்குக் கணக்குப் பார்க்க நீதான் வரணும், சம்பளம் கண்ணாடிக்காரன் குடுக்கிறதைவிட ஐநூறு கூட" என்றான். போனை வைத்துவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அம்மாவுக்கு மூச்சுதான் குறை, காது ரொம்பக் கூர்மை.

அவன் வந்து இறங்கிய காலையில் அம்மா கட்டிலில் இல்லை. வாசலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குழாயைக் கழற்றி, மெஷினைப் போர்வை போட்டு மூடி, மகளைக் கண்ணாலேயே மிரட்டிவிட்டு, புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். அவன் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து, வாசலிலேயே பெட்டியைப் போட்டுவிட்டு, அவள் மடியில் முகத்தை வைத்தான். நரைத்த தலை. அம்மா அதைத் தடவினாள். "இளைச்சுட்டியேடா" என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"அம்மா? என்னம்மா? ஏய், என்ன இவ இப்படி…"

ரசீது போர்வையை இழுத்து ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் இரைய ஆரம்பித்தது. அவள் குழாயை மாட்டிய வேகத்திலிருந்தே இது இன்றைக்கு வந்ததில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அது முதல் நாள் பழகிய கை இல்லை. நிறம் திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அவன் தரையில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி விசும்பினான். எத்தனை நாளாக என்று கேட்டான். இருபத்திரண்டு மாதம் என்றாள். என்ன வியாதி என்று கேட்டான். சொன்னாள். ஏன் மறைத்தீர்கள் என்று அவன் கேட்டபோது அம்மா கையை அசைத்தாள், நான்தான் என்பதுபோல.

பிறகு அவன் எழுந்து வந்து தங்கையின் தலையில் கை வைத்தான். அவன் திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"நீ ஒருத்தியா எப்படிம்மா சமாளிச்சே? வீட்டுக் காசு பத்தாயிரத்துலயும் உன் சம்பளத்துலயும் இதையெல்லாம்… கடைக் காசுல ஒரு பைசா தொடாம. எனக்கெல்லாம் அந்தச் சாமர்த்தியம் வராது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அவன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்த நாட்களில் அவன் வீட்டுக்கும் ஷட்டருக்கும் நடந்துகொண்டே இருந்தான். அளவு எடுக்கும் டேப்பும் ஒரு நோட்டும் கையில். கேஸ் சிலிண்டர் எங்கே நிற்கும், மேஜை எங்கே, பிரித்துப் போட்ட கம்ப்ரசர்கள் எங்கே என்று படம் போட்டான். வந்து அம்மாவிடம் காட்டுவான். அம்மா குழாய்க்குள் மூச்சை இழுத்து இழுத்து யோசனை சொல்வாள். வாசல் பக்கமாக ஒரு நாற்காலி போடு, வருகிறவர்கள் நின்றால் கால் வலிக்கும் என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை ரசீது இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று அட்வான்ஸுக்கு முந்தின வியாழக்கிழமை வரை வந்துவிட்டாள்.

வியாழன் சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவன் கணினி இருந்த மூலையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குப் பேங்க் எத்தனை மணிக்குத் திறப்பாங்க? பதினோரு மணிக்கு ஷட்டர்காரர் வரச் சொன்னார்."

"அண்ணா, பணம் இல்லை."

"என்ன இல்லை?"

"கடைப் பணம். மூணு லட்சத்துச் சொச்சம்தான் இருக்கு. மீதி இல்லை."

அவன் சிரித்தான். "நீதானே படம் அனுப்பினே."

"படம் சரிதான். கட்டத்துல பத்து இருக்கு. பேங்க்ல மூணு."

அவனுக்குப் புரியவில்லை. குளிர் மெஷினைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு, அளவுமானி ஒன்று சொல்லி உள்ளே வேறொன்று இருந்தால் அளவுமானி கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். அவள் திரையைத் திறந்து காட்டினாள். கீழே நூறு சதவீதப் பச்சை. மேலே சிவப்பில் ஆறு லட்சத்து எண்பத்தாறாயிரம், முன்னால் கழித்தல் குறி. பிறகு பீரோவிலிருந்து ஃபைலை எடுத்து மேஜைமேல் விரித்தாள். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, பரிசோதனை நிலையம், மெஷின் விற்றவன். அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தான். படித்ததைக் கவிழ்த்து வைத்தான். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அறைந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று.

"மாசா மாசம் படம் அனுப்பினியே. ஆஸ்பத்திரியில இருக்கும்போதுகூட அனுப்பினே. எப்படி முடிஞ்சுது உன்னால?"

"உனக்கு அதுதானே சந்தோஷம்னு…"

"என் சந்தோஷமா? அம்மா மூச்சு விட முடியாம கிடக்கிறா, நான் அங்க பச்சைப் பட்டையைப் பார்த்துட்டு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டிருக்கேன். அதுவா சந்தோஷம்?" குரலை உயர்த்தவில்லை, அடுத்த அறையில் அம்மா. "உனக்குத்தான் கட்டம் போடத் தெரியுமே. அம்மாவுக்குன்னு ஒரு கட்டம் போட்டிருந்தா ஆகாதா? கடையை நிறுத்தி வைண்ணா, இதுக்கு ஒதுக்குவோம்னு ஒரு வார்த்தை. நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? என்னைப் பத்தி அவ்வளவுதானா நினைச்சே?"

அதுதான் சுட்டது. காசு போனதைவிட அவனுக்கு அதுதான் ஆறவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"போடத் தெரியாமலா போடலை? நீயே போட்டுப் பாரு."

"போடறேன். நகரு."

புதிது என்று இருந்த இடத்தை அழுத்தினான். ஒரு படிவம் திறந்தது. பெயர் கேட்டது. 'அம்மா' என்று அடித்தான். மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டது.

"மாசம் எவ்வளவு ஆகுது?"

"ஒன்பதாயிரத்து ஐநூறு. அது மொத்தத் தொகையைக் கேக்குது."

"மொத்தம்னா, எத்தனை மாச…"

நிறுத்திக்கொண்டான். அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான். எந்தத் தேதிக்குள் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன நாள்காட்டி விரிந்தது, இந்த மாதம், அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போகிற மாதிரி. அதையும் காலியாக விட்டு, 'சேமி' என்பதை அழுத்தினான். போகவில்லை. தேதிக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு வந்தது. தேதியைக் குறிப்பிடவும் என்றது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் அதையே சொன்னது. கணினிக்கு என்ன தெரியும், ஒரு காரியத்துக்குப் பணம் சேர்த்தால் அந்தக் காரியம் என்றைக்கு என்றுதானே கேட்கும்.

அவன் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

"மூணு தடவை இந்த இடம் வரைக்கும் வந்தேண்ணா. மூணாவது தடவை தேதியும் போட்டேன், டாக்டர் சொன்ன கெடுவை வச்சு. போட்டுட்டு நிமிர்ந்தா, உள்ளேருந்து அம்மா சாப்டியாடின்னு கேக்கறா. என்னால முடியலை. அழிச்சுட்டேன். தேதி போடாம எடுக்கிறதுக்கு அந்தக் குவியல்தான் இருந்துது."

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னலிடம் போய் நின்றான். தோள் குலுங்கியது. அவள் பக்கத்தில் போகவில்லை, போகும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் திரும்பி வந்து, அந்தப் படிவத்தை மூடினான். பிறகு 'கடை' என்பதைத் திறந்து நீக்கு என்பதை அழுத்தினான். உறுதியாகவா என்று கேட்டது. ஆமாம் என்றான். பச்சைப் பட்டை போயிற்று. மேலே இருந்த சிவப்பும் போயிற்று. மூன்று லட்சத்துச் சொச்சம் மட்டும் கறுப்பு எழுத்தில் நின்றது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கணக்கு சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவன் ஷட்டர்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றான். அடுத்து கிடங்குக்குப் பேசினான். மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். உறைநிலை அறையில் பெட்டி ஏற்றி இறக்க ஆள் வேண்டும், சம்பளம் ஏழாயிரம் குறைவு, சரியா என்றார்கள். சரி என்றான்.

"வேணாம்ணா. இங்கேயே ஏதாவது பாரு. நான் வேணா இன்னொரு வேலைக்கும் போறேன். நாற்பத்தாறு வயசுல போய் மூட்டை தூக்குவியா?"

"இங்க குடுக்கிற சம்பளம் என் சாப்பாட்டுக்குப் போயிடும். அம்மா மருந்துக்கு? மெஷின் நின்னா அடுத்த மெஷினுக்கு?" அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "மூணு லட்சம் எத்தனை நாளைக்கு வரும்னு கணக்குப் போடச் சொல்றியா? அந்தக் கணக்கு எனக்கு வேணாம். தீராம வந்துட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தான், மருந்து வாங்கி வந்தான், அம்மாவுக்கு முதுகு துடைத்துவிட்டான். ஆனால் அவளை ரசீது என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவளுடைய உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பள்ளிக்கூடப் பதிவேட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு யாரோ வெளியாளைக் கூப்பிடுவதுபோல இருந்தது. ஐந்தரை வருடம் அவனை வீட்டுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவள் அவள்தான். இப்போது அனுப்பி வைப்பவளும் அவள்தான். இதை அவள் யாரிடம் போய்ச் சொல்லி அழுவாள்?

அம்மாவிடம், ஷட்டர்காரர் ஏமாற்றிவிட்டார், கொஞ்ச நாள் போய்விட்டு வருகிறேன் என்றான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுவே தப்பாக இருந்தது. ஒரு தக்காளி அழுகியிருந்தாலே கடைக்காரனின் பரம்பரையை இழுக்கிறவள். சுவருக்கு அந்தப் பக்கம் வியாழக்கிழமை சாயங்காலம் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மறுநாளிலிருந்து மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். மத்தியானத்தில் மெஷினை நிறுத்து, கரண்ட் வீண் என்றாள். டாக்டரிடம் போகவேண்டிய நாளில், நன்றாகத்தானே இருக்கிறேன், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மகன் ஒவ்வொன்றுக்கும் "அதெல்லாம் முடியாது" என்று சொல்லி, முழு மாத்திரையைக் கையில் வைத்துத் தண்ணீரை நீட்டிக்கொண்டு நிற்பான். அவள் விழுங்கும்வரை நகரமாட்டான்.

பத்தாவது நாள் காலை அவன் கிளம்பினான். கீழே வாடகைக் கார் வந்து நின்று ஒலி எழுப்பியது. ரசீது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். இந்தத் தடவை அம்மா குழாயைக் கழற்றவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, குனிந்த மகனின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மெஷின் இரைச்சலில் குரல் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அவன் காதருகே சொன்னாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோடா. நான் சீக்கிரம் முடிச்சுக்கறேன். அப்புறம் நீ வந்துடலாம்."

வாசலில் நின்றவளுக்கு அது நன்றாகவே கேட்டது. கையிலிருந்த பெட்டி நழுவித் தரையில் இடித்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைக் காலரிலிருந்து ஒவ்வொரு விரலாக விடுவித்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். சாப்பாட்டுத் தட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பவளிடம் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

"ஒண்ணும் அவசரமில்லைம்மா. நீ மெதுவா முடி."